திருவட்டாறு மேட்டில் ரிவர்ஸ்: ஒரு டூயல் கிளட்ச் காரின் நிகழ்வு ஆய்வு

தென்மேற்குப் பருவமழை பிடித்த இரண்டாவது வாரம் அந்த வண்டி என் பட்டறைக்கு வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்கும் நடுவே பட்டறை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளை மட்டும்தான் பார்க்கிறேன். ஓட்டி வந்தவர் நாகர்கோவிலில் வங்கி வேலையில் இருக்கும் ஒரு பெண், வீடு திருவட்டாறு பக்கம். கூடவே அவருடைய அப்பா, ஓய்வுபெற்ற அரசு பஸ் டிரைவர்.

"அண்ணா, கிளட்ச் செட்டு மொத்தமா மாத்தணும்னு சொல்லுதாவ. லட்சத்துக்கு மேல ஆகுமாம். நீங்களும் ஒருக்க பாத்துச் சொல்லுங்க."

அவர் காட்டிய மதிப்பீட்டுத் தாளில் கிளட்சை ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரு வரி இல்லை, ஒரு அளவீடும் இல்லை. அதனால்தான் இந்த வண்டியோடு நான் செலவழித்த நாட்களை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இதே போன்ற தாளோடு மாதத்தில் ஓரிருவர் வருகிறார்கள். உரிமையாளரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். வண்டியின் பெயரும் கம்பெனியும் இங்கே வேண்டாம், இந்த வகைக் கியர்பாக்ஸைப் பல கம்பெனிகள் போடுகின்றன.

மூன்று வருடம், 31,000 கிலோமீட்டர் ஓடிய செடான். 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 7 கியர், உலர் வகை டூயல் கிளட்ச். வாங்கும்போது ஓட்டிப் பார்த்தது முப்பந்தல் பக்கம் நான்குவழிச் சாலையில். காற்றாலைகளுக்கு நடுவே அந்த நேர்ச்சாலையில் எஸ் மோடில், அதாவது வேக ஓட்டத்துக்கான ஸ்போர்ட் முறையில், மிதித்தால் எந்த மனிதக் காலும் இவ்வளவு வேகமாகக் கியர் மாற்றாது. அதில் மயங்கித்தான் வாங்கினேன் என்று சொன்னார். அந்த மயக்கத்தில் தப்பில்லை, வண்டி அங்கே அப்படித்தான் ஓடும். ஆனால் அவர் தினமும் ஓட்டுவது முப்பந்தலில் இல்லை. திருவட்டாறிலிருந்து மார்த்தாண்டம் வந்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து நாகர்கோவில். சாயங்காலம் அதே வழியில் திரும்ப.

புகார் நான்கு. ஒன்று, காலையில் கிளம்பிய முதல் பத்து நிமிடம் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே வண்டி உதறுகிறது. இரண்டு, வேகத்தடையில் இறங்கி ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் செத்தது போல இருந்துவிட்டு அப்புறம் குதிக்கிறது. மூன்று, லாரியை முந்தப் போனால் மிதித்த பிறகு யோசிக்கிறது. நான்காவதுதான் அவரைப் பயமுறுத்தியது. மழை கொட்டிய ஒரு சாயங்காலம், மார்த்தாண்டம் நெரிசலில் வெகுநேரம் கிடந்து வீடு சேர்ந்த நேரத்தில், கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, வண்டியை நிறுத்து என்று முன்பலகையில் எச்சரிக்கை மின்னியது. அதன் பிறகு அரை மணி நேரம் வண்டி நகரவில்லை.

பெடல் இல்லை, கிளட்ச் உண்டு

இந்தக் கியர்பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இந்தப் புகார்களைப் பிரித்துப் பார்க்க முடியாது. மாடிப்படி ஏறுகிறவர் ஒரு காலை ஒரு படியில் ஊன்றியிருக்கும்போதே மற்ற காலை அடுத்த படிக்குத் தூக்கிவிடுகிறார் இல்லையா, அதுதான் அடிப்படை. உள்ளே இரண்டு தண்டுகள். ஒன்றில் 1, 3, 5, 7 கியர்கள். மற்றதில் 2, 4, 6. ஒவ்வொரு தண்டுக்கும் தனித்தனிக் கிளட்ச், அதாவது எஞ்சினோடு தண்டைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் தட்டு. இரண்டாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது அடுத்த தண்டில் விழுந்து தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விலகுகிற அதே நேரத்தில் மற்றது பிடிக்கும், இழுவை அறுபடாது.

யோசனை புதிதில்லை. பிரான்ஸ் நாட்டு எஞ்சினியர் அடோல்ஃப் கெக்ரெஸ் 1939-லேயே இதை முன்வைத்தார். 1980களில் போர்ஷே இதைப் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. சாதாரண ஆள் கடையில் வாங்கக்கூடிய காரில் வந்தது 2003-ல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-ல். வளர்ந்த இடம் பந்தயத் தடம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பந்தய வண்டி மார்த்தாண்டம் சந்தைக்கு முன்னால் ஊர்வதில்லை.

பழைய வகை ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கும். அதற்குள் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. வண்டி நின்றாலும் ஊர்ந்தாலும் எண்ணெய் சுழன்றுகொண்டே இருக்கும், அதில் பிறக்கும் சூட்டை அதே எண்ணெய் கொண்டுபோய் ஆற்றிவிடும். டூயல் கிளட்சில் அந்த எண்ணெய் மெத்தை கிடையாது. சாதாரண கியர் வண்டியில் இருக்கிற மாதிரி உராயும் தட்டுதான். ஈர வகையில் தட்டு எண்ணெயில் முழுகிக் கிடக்கும். உலர் வகையில் அதுவும் இல்லை. தட்டு வழுக்கும்போது பிறக்கும் சூடு அங்கேயே இரும்பில் தங்கி, காற்றில் மெல்ல மெல்லத்தான் ஆற வேண்டும். எடை குறைவு, மைலேஜ் அதிகம் என்பதால்தான் உலர் வகையைப் போடுகிறார்கள். காரணம் நியாயமானதுதான்.

இனி இந்த ஆய்வு முழுவதற்கும் அச்சாணியான கணக்கு. முதல் கியரில் கிளட்ச் முழுசாகப் பிடித்து, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடினால், சமதரையில் வண்டி மணிக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் கிளட்ச் வழுக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. மேட்டில் எஞ்சின் ஐடிலில் இழுக்காது, சுழற்சியை ஏற்ற வேண்டும். அப்போது அந்த எல்லை எட்டு ஒன்பது கிலோமீட்டராக உயரும். மனிதன் நடக்கிற வேகத்தில் மேடு ஏறுகிற ஒவ்வொரு நொடியும் இந்தக் கியர்பாக்ஸ் அரைக் கிளட்சில்தான் இருக்கிறது. ஓட்டுகிறவர் காலுக்கு மட்டும் அது தெரியாது.

முதல் மூன்று நாள்

நெரிசல்தான் காரணம் என்று நான் முதலில் முடிவு கட்டினேன். எச்சரிக்கை மின்னியது நெரிசலுக்குப் பிறகு. மார்த்தாண்டமும் அப்படிப்பட்ட இடம். இரும்பு மேம்பாலத்தில் மேலே போகிறவனுக்கு ஊர் நெரிசல் தெரியாது. பள்ளிக்குப் பிள்ளையை விட வருகிறவர் பாலத்துக்கு அடியில்தான் மாட்டுவார். பஸ், ஆட்டோ, மீன் கூடை கட்டிய பைக், இறக்கிக்கொண்டிருக்கும் லாரி, எல்லாம் அங்கே.

ஸ்கேனரை மாட்டி, அவர் போகும் நேரத்தில் அதே வழியில் நானே ஓட்டினேன். கிளட்ச் எவ்வளவு வழுக்கியது என்பதை வைத்துக் கட்டுப்பாட்டுக் கணினி ஒரு வெப்பநிலையைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும், அதைப் படிக்கலாம். கிளம்பும்போது 40 டிகிரி. பாலத்தடியில் இருபது நிமிடம் ஊர்ந்து வெளியே வந்தபோது 150-ஐத் தொட்டது. பம்மம் தாண்டி வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கத் தொடங்கி, சுங்கான்கடை வருவதற்குள் 90. அடுத்த இரண்டு நாளும் ஏறத்தாழ இதே எண்கள்தான். 150 டிகிரி வரவேற்கத்தக்கது இல்லை, ஆனால் எச்சரிக்கை மின்னும் அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. கிளட்ச் தேய்மான எண்களும் வரம்புக்குள் இருந்தன. மாற்றச் சொன்ன தாளுக்கு ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த மூன்று நாளில் இரண்டாவது, மூன்றாவது புகாருக்கு விடை தெரிந்துவிட்டது.

வேகத்தடை விவகாரம் இது. இருபத்தைந்தில் வருகிற வண்டி இரண்டாவது கியரில் இருக்கும், இனி வேகம் கூடும் என்று ஊகித்துக் கணினி மூன்றாவதைத் தயார் செய்து வைத்திருக்கும். நம்ம ஊர் வேகத்தடையில் பாதிக்கு வெள்ளைக் கோடு கிடையாது, கிட்ட வந்த பிறகுதான் பிரேக்கில் கால் போகும். வேகம் எட்டுக்கு விழும். இப்போது வேண்டியது முதல் கியர். அதுவும் மூன்றாவது இருக்கிற அதே தண்டில்தான் இருக்கிறது. மூன்றை எடுத்து, ஒன்றைப் போட்டு, கிளட்சைக் கைமாற்ற வேண்டும். அதற்குள் நம் கால் ஆக்சிலேட்டரில் இறங்கிவிடுகிறது. அந்த ஒரு கணச் சாவு இதுதான். சாமியார்மடத்துக்கும் அழகியமண்டபத்துக்கும் நடுவே இதை எத்தனை முறை வேண்டுமானாலும் வரவழைக்க முடிந்தது. வேகத்தடைக்குக் கொஞ்சம் முன்பே நிதானமாகப் பிரேக் பிடித்தால் கணினிக்கு நேரம் கிடைக்கிறது, குதிப்பு இல்லை.

முந்தும்போது யோசிப்பதும் இதே கதையின் இன்னொரு முகம். சாதாரண ஓட்டத்துக்கான டி-யில் போட்டால் மைலேஜுக்காக வண்டி அவசர அவசரமாக மேல் கியருக்குப் போய்விடும். அறுபதிலேயே ஆறாவது. எஞ்சின் சுழற்சி டர்போ காற்று கட்டும் அளவுக்குக் கீழே கிடக்கும். வில்லுக்குறிப் பக்கம் லாரிக்குப் பின்னால் இப்படி வந்து திடீரென்று அடிவரை மிதித்தால் நான்காவதோ மூன்றாவதோ வேண்டும். ஆறும் நான்கும் ஒரே தண்டில் இருப்பதால் நேரே கைமாற்ற முடியாது, சுற்றி வர வேண்டும். அதோடு டர்போ விழிக்கும் நேரமும் சேரும். இரண்டும் சேர்ந்து ஒரு நொடி. இருவழிச் சாலையில் எதிரே பஸ் வரும்போது அந்த ஒரு நொடி சின்ன விஷயம் இல்லை. ஆனால் இது பழுது இல்லை. முந்துவதற்கு முன்பே, இன்னும் நம் பாதையில் இருக்கும்போதே, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இடதுபக்கத் துடுப்பை இரண்டு முறை தட்டினால் கியர் தயாராகிவிடும். பிறகு சாலை காலியாக இருக்கிறதா என்று பார்த்து மிதித்தால் வண்டி முப்பந்தலில் பாய்ந்த மாதிரியே பாயும். வெளியே வந்த பிறகு கியரைத் தேட விடக்கூடாது. இதை நான் சொல்லித் தரும் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

வீட்டு மேடு

நான்காவது புகார் மட்டும் பிடிபடவில்லை. நாலாம் நாள் சாயங்காலம், அவரே ஓட்டட்டும், நான் ஸ்கேனரோடு பக்கத்தில் உட்காருகிறேன் என்றேன். பின்சீட்டில் அப்பா.

திருவட்டாறு தாண்டி ரப்பர் தோட்டங்களுக்குள் திரும்பினோம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகள் எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். சாலை பள்ளத்தில், வீடு மேட்டில். அவர் வீடும் அப்படித்தான். சாலையிலிருந்து நாற்பது மீட்டருக்கு மேல் நீளும் செங்குத்தான கான்கிரீட் பாதை, இரண்டு பக்கமும் கற்சுவர், மேலே வண்டி திருப்ப இடமில்லை. காலையில் நேரே இறங்க வேண்டுமே என்று தினமும் சாயங்காலம் ரிவர்ஸில்தான் ஏற்றுகிறார். இதை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அவருக்கு அது வண்டி நிறுத்துவது, ஓட்டுவதில் சேராது.

மேட்டின் அடியில் ஸ்கேனர் 110 காட்டியது. ஏற ஆரம்பித்தார். கண்ணாடியைப் பார்த்து, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே கையளவு இடைவெளியை அளந்து, நடப்பதைவிட மெதுவாக. நடுவே இரண்டு முறை சற்று நின்றார், ஆனால் பிரேக் மிதிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து வைத்து. 150. 190. மேலே போய்ச் சேர்ந்தபோது 250 தாண்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

எனக்கு முன்னால் அப்பா சொல்லிவிட்டார். "தம்பி, இது கிளட்ச் கருகுத மணமாக்கும். பேச்சிப்பாறை வண்டியில எத்தன நாள் மோந்திருக்கேன். ஆட்டோமேட்டிக்ல கிளட்சே கிடையாதுன்னுல்லா மக சொன்னா?"

"பெடல்தான் கிடையாது மாமா. கிளட்ச் ரெண்டு இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளிடம், "அப்ப நீ தினமும் அரைக் கிளட்ச்லயா மக்ளே மேல ஏத்துத? எனக்கு வேல போயிருக்கும்" என்றார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எச்சரிக்கை மின்னிய நாளையும் இப்போது கூட்டிப் பார்க்க முடிந்தது. அன்றைய நெரிசலில் கிளட்ச் ஏற்கெனவே சூடேறி வந்திருக்கிறது. மழையில் பாசி பிடித்த கான்கிரீட்டில் சக்கரம் வழுக்கியதால் அவர் மூன்று முறை கீழே இறங்கி மறுபடி ஏற்றப் பார்த்திருக்கிறார். நெரிசல் அடுப்பை மூட்டியது, மேடு பானையைப் பொங்க வைத்தது.

முதல் புகாரும் இதிலிருந்து கிளைத்ததுதான் என்பது என் கணிப்பு. மூன்று வருடம் அநேகமாகத் தினமும் இப்படிச் சூடேறியதில் தட்டின் மேற்பரப்பு கண்ணாடி போல மினுங்கிப் போயிருக்கும். அதன் மேல் மழைக்கால இரவின் ஈரம். காலையில் முதல் சில தடவை பிடிக்கும்போது சீராகப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடிக்கிறது. அதுதான் உதறல். சூடு கொஞ்சம் ஏறியதும் அடங்கிவிடுகிறது.

செய்தது

பட்டறையில் செய்தது கொஞ்சம்தான். பேட்டரி மின்னழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. கிளட்ச் எந்த இடத்தில் தொடத் தொடங்குகிறது என்று கணினி கற்று வைத்திருந்த பழைய கணக்கை அழித்துப் புதிதாகக் கற்க வைத்தேன். பிறகு சமதரையில், கிளட்ச் நன்றாக ஆற இடைவெளி விட்டு, நிதானமான அழுத்தத்தில் நின்று நின்று கிளம்பும் ஓட்டம், மூன்று நாள்.

பெரிய வேலையைச் செய்தது அப்பாதான். ஜேசிபி ஒன்றை அரை நாளைக்குக் கூப்பிட்டு, மேட்டின் உச்சியில் கிணற்றுக்குப் பக்கத்து மண்ணை வெட்டிச் சமப்படுத்தினார். இரண்டு தென்னம்பிள்ளையை இடம் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது மகள் முன்பக்கமாகவே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஒரே மூச்சில் ஏறி, மேலே திருப்பி நிறுத்துகிறார். அந்த வேகத்தில் கிளட்ச் ஏற்றத்தின் தொடக்கத்திலேயே முழுசாகப் பிடித்துவிடும், மீதித் தூரத்துக்கு வழுக்கல் இல்லை. ஏறும்போது யாராவது குறுக்கே வந்தால் பிரேக்கை முழுசாக மிதித்து நிற்க வேண்டும், ஆக்சிலேட்டரில் தொங்கவிடக் கூடாது.

மார்த்தாண்டத்துக்கும் ஒரு பழக்கம் சொன்னேன். முன் வண்டி அரை அடி நகர்ந்ததும் நாமும் அரை அடி நகர வேண்டாம். இரண்டு வண்டி நீளம் காலியாகும் வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே நகர்வில் போய் நிற்கலாம்.

"அவ்வளவு இடம் விட்டா ஆட்டோ வந்து நுழைஞ்சிருமே அண்ணா?"

நுழையும். நுழையட்டும் என்றேன். ஆட்டோ நுழைவதால் வீடு சேர்வது இரண்டு நிமிடம் தாமதமாகும். சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்ற வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், பிரேக்கை நன்றாக மிதித்திருந்தால் கிளட்ச் தானே விலகி நிற்கும். அரைகுறையாக மிதித்து வண்டி ஊரத் துடிக்க விடுவதுதான் கெடுதல்.

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் போனால் இறக்கத்தில் டி-யை நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மேல் கியருக்குப் போய் எஞ்சின் பிடிப்பை விட்டுவிடும், முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். கைமுறைக்கு மாற்றி இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இறங்க வேண்டும்.

இந்த வண்டியை வாங்கியிருக்கக் கூடாதா என்று அவர் கேட்டார். கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டுவதில் சந்தோஷம் காண்கிறவர், நாகர்கோவில் வரை முப்பது கிலோமீட்டர் சொச்சம் சாலையில் அந்தச் சந்தோஷம் அவருக்குக் கிடைக்கிறது. ஆனால் மேற்கு வட்டங்களில் மேட்டு வீடு உள்ள ஒருவர் புதிதாக வாங்க வந்து கேட்டால், டார்க் கன்வர்ட்டர் வகையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பாய்ச்சல் கொஞ்சம் குறைவு, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கலாம், ஆனால் மேட்டில் ஊர்வதற்கு அது பிறவியிலேயே பொருத்தம். ஏஎம்டி, அதாவது சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் கணினியே இயக்கும் வகை, வாங்கினால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அதிலும் இருப்பது உலர் கிளட்ச்தான், ஒன்றே ஒன்று, அதே மேட்டில் அதுவும் கருகும். எந்த வண்டியானாலும் நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாமல், வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தடவை மேடேற்றிப் பார்க்கக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு, ஐப்பசியில், வண்டி மறுபடி வந்தது. அதே வழியில், அதே நேரத்தில் அளந்தேன். பாலத்தடியில் 120. வீட்டு மேட்டின் உச்சியில் 130. எச்சரிக்கை திரும்ப வரவில்லை. காலை உதறல் நன்றாகக் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. குளிர்ந்த காலைகளில் முதல் ஓரிரு முறை இன்னும் லேசாகத் தெரிகிறது. கருகிய மேற்பரப்பு முழுசாகப் பழையபடி ஆகிவிடும் என்று நான் அவரிடம் உறுதி சொல்லவில்லை. வேகத்தடைத் தயக்கமும் இருக்கிறது, அதை இப்போது அவர் பிரேக்கிலேயே சமாளிக்கிறார்.

பதிவேட்டில் எழுதியது: கிளட்ச் மாற்றவில்லை. தேய்மானம் வரம்புக்குள். அடுத்த அளவீடு 40,000 கிலோமீட்டரில்.